நாற்பத்தோராவது நிமிடத்தில் ஒரு குரல்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மூன்று அறை தள்ளி யாராவது கிசுகிசுத்தால், யார் யாரைப் பற்றிச் சொன்னார்கள், எந்த இடத்தில் சிரிப்பை அடக்கினார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு இருந்தது. கொஞ்சம் ஊதிப் பெருக்கியதுதான். ஆனாலும் அவள் இருக்கும்போது யாரும் சத்தமாகப் புறணி பேசமாட்டார்கள்.

வீட்டில் கதை நேர்மாறு. அவள் கணவன் முப்பது வருடம் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவன். இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காதில் பாதி மிச்சம். "நம்ம ரெண்டு பேருக்குமா சேர்த்து ரெண்டரைக் காது. குடும்பத்துக்கு அது தாராளம்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். நல்ல மனிதன். சில நாள் அவளுடைய பேச்சை வேண்டுமென்றே கேட்காமல் இருந்திருக்கலாம், அது நமக்கு வேண்டாம்.

அவள் வேலை என்னவென்று தெருவில் பாதிப் பேருக்குப் புரியாது. சினிமாவுக்குக் கதை எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது இல்லை. கதை எழுதுகிறவர்கள் படம் எடுப்பதற்கு முன்னால் எழுதுவார்கள். அவர்கள் எழுதியது ஒன்று இருக்கும், எடுத்தது ஒன்று இருக்கும். நடிகர் மாற்றிப் பேசியிருப்பார், நடுவில் மழை வந்து கெடுத்திருக்கும். இவள் எழுதுவது எல்லாம் முடிந்த பிறகு. வெட்டி, ஒட்டி, இசை சேர்த்து, இனி ஒரு இழையும் மாறாது என்று ஆன படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும். யார் பேசினார், எந்த நொடியில் வாயைத் திறந்தார், எந்த நொடியில் மூடினார், பின்னால் கதவு சாத்தினார்களா, சுவரில் என்ன எழுதியிருந்தது, எல்லாம். ஒரு நொடியையே இருபத்தைந்து துண்டாக நறுக்கிக் கணக்குச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் என்று சொல்லும் அந்தக் காகிதக் கட்டு கைக்கு வராமல் வெளிநாட்டுக்காரர்கள் படத்தை வாங்கமாட்டார்கள். அங்கே குரல் கொடுக்கிறவர்களும், திரைக்குக் கீழே எழுத்துப் போடுகிறவர்களும் இவள் எழுதியதை வைத்துத்தான் வேலையையே தொடங்குவார்கள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேஜையில் திரை, காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். அழுத்தினால் படம் ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் நான்கு நொடி பின்னால் போகும். பதினெட்டு வருடமாகத் தட்டித் தட்டி வலது செருப்பின் குதி மட்டும் எப்போதும் தேய்ந்திருக்கும்.

எழுதி முடித்ததை, படத்தை வாங்குகிற கம்பெனியில் ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பார். அவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தப்பு கண்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக்குறி. மூன்று சிவப்புக்குறி விழுந்தால் அவர்கள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பாம்புக்காதின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 'கேட்டால் எழுது, கேட்கவில்லை என்றால் மறுபடி கேள்' என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தார்கள். அதை அவள் சாமி வாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அடங்காத கோபம் ஒரே ஒரு டப்பிங் கூடத்தின் மேல். ஏழு மொழிக்குப் படம் போகும், அதில் ஏழாவது மொழிக்காரர்கள் அவர்கள். கடைத்தெருவில் நாலு பேர் பேசினால் இரண்டு பேருக்குத்தான் வாய் கொடுப்பார்கள். தூரத்துக் குரல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்குச் சோம்பேறிக் கூடம் என்று பெயர் வைத்தாள். ஆறு மாதத்துக்கு முன் பொறுக்க முடியாமல், இன்ன படத்தில் இத்தனை குரல் காணவில்லை என்று வரிசையாகக் குறித்துப் புகாரே அனுப்பிவிட்டாள். சரிபார்க்கிறவர் அவர்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு வரி விடக்கூடாது என்று கண்டித்ததாகத் தகவல் வந்தது. அன்றைக்கு அவள் நடையே தனியாக இருந்தது.

அப்படி இருக்கையில்தான் அந்த பேட்டரித் தொழிற்சாலைப் படம் வந்தது.

நடிகர்கள் நடித்த படம் இல்லை, நிஜ மனிதர்கள் பேசுகிற படம். எடுத்தவள் சின்ன வயசு டைரக்டர். தொழிற்சாலையில் ஈயத்தோடு புழங்கிப் புழங்கிக் கை மரத்துப்போன தொழிலாளிகளைப் பற்றியது. அதில் ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சாட்சி சொல்கிறாள். இன்னமும் அங்கேயே வேலை பார்க்கிறவள். அவள் புருஷனுக்கும் தம்பிக்கும்கூட அங்கேதான் பிழைப்பு. அதனால் அவள் முகத்தை இருட்டாக்கி, குரலையும் ஆம்பளைக் குரல் மாதிரி தடிமனாக்கியிருந்தார்கள். கை மட்டும் வெளிச்சத்தில் தெரியும். ஒரு டம்ளரை எடுக்கப் போய், விரல் மடங்காமல், இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துத் தூக்குவாள். அதைப் பார்த்தபோது பாம்புக்காது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். இரக்கம் இல்லாத பெண் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது. ஆனால் இரக்கம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, காது இன்னொரு பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தோராவது நிமிடத்தில் அந்தச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருந்தது.

தட்டினாள். நான்கு நொடி பின்னால். மறுபடி தட்டினாள். படத்தை எடுத்தவளுக்கும், வெட்டியவருக்கும், சத்தம் சேர்த்தவருக்கும், அதற்குள் பார்த்துவிட்ட நூறு இருநூறு பேருக்கும் அது இரைச்சல்தான். இவளுக்கு அது பெண் குரல். வெளியே, மேலேயிருந்து வருகிறது. ஒன்பதாவது தடவை முழுசாகப் பிடித்துவிட்டாள்.

"ஏ ரெட்டைச்சுழி! மூணாம் மாடியில உன் துணி பறக்குது, ஓடி வா!"

அந்த நொடியில் இருட்டான அந்தத் தலை லேசாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆக, கூப்பிட்டது இவளைத்தான். பாம்புக்காதுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. வரியை எழுதினாள், நேரத்தை எழுதினாள், குறிப்புக் கட்டத்தில் இப்படியும் எழுதினாள்: 'மேல்மாடியிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல். ரெட்டைச்சுழி என்பது சாட்சி சொல்லும் பெண்ணின் செல்லப்பெயர். மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே வைக்கவும்.'

எழுதிவிட்டு நெட்டி முறித்துக்கொண்டாள். அத்தனை திருப்தி.

நான்காம் நாள் முதலாளி அறைக்குள் வந்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர். எதைக் கொடுத்தாலும் அவசரம் என்று சொல்லிக் கொடுப்பதால் அவருக்கு அவசரம் என்றே பெயர்.

"அக்கா, சரிபார்க்கிறவர் பாராட்டி எழுதியிருக்காரு. நாப்பத்தோராம் நிமிஷத்துக் குரல் எனக்கே கேக்கல, அப்படின்னு. அந்த மனுஷன் வாயிலேருந்து நல்ல வார்த்தை வந்து நான் பார்த்ததே இல்ல."

"கையால எழுதினதைச் சொல்றீங்க. வாயிலேருந்து வந்துதுன்னு எப்படித் தெரியும்?"

"உங்க கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? ஏழு மொழிக்கும் போயிடுச்சு. உங்க காதுக்கு ஒரு பரிசு வாங்கி அனுப்பறேன், இருங்க."

அந்தப் பரிசுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

சனிக்கிழமை, லீவு நாள். நல்ல மழை பெய்து விட்டிருந்த காலை. கணவன் ஒழுகின இடத்தில் வைத்த வாளிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் என்றால் கணவனின் தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று இவர்களோடேயே இருந்துவிட்டவள். பாம்புக்காது என்ற பெயரைத் தெரு முழுக்கப் பரப்பியதும் அவள்தான்.

"அண்ணி, கூரியர்காரர் கையில ஒரு பொட்டியை வெச்சிக்கிட்டு முழிக்கிறாரு பாருங்க. மழையில விலாசம் கரைஞ்சுபோச்சு போல."

கூரியர்காரர் தெருமுனையில் இருந்த சைக்கிள் கடையில் கேட்டார். மேலே இருந்தே பாம்புக்காதுக்குக் கேட்டது. "பேரு மட்டும் கொஞ்சம் தெரியுதுங்க. பாம்புக்காதுன்னு போட்டிருக்கு. அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரை நீட்டிக் காட்டினார். "அதோ, பச்சை கேட். ரெண்டாவது மாடி. ஜன்னல்ல நிக்குதே, அது அவங்க நாத்தனார்."

அரை நிமிடத்தில் கூரியர்காரர் வாசலில் நின்றார். பெட்டிக்குள் புது ஹெட்போன், கறுப்பாக, மெத்து மெத்தென்று. முதலாளி குறும்புக்காகப் பட்டப்பெயரை எழுதி அனுப்பியிருந்தார்.

"பார்த்தீங்களா? நான் வெச்ச விளம்பரம்" என்றாள் நாத்தனார். "வீட்டு நம்பர் எதுக்கு, தெருப்பேர் எதுக்கு? பேர் ஒண்ணு போதும், கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுடுவாங்க."

பாம்புக்காது கையெழுத்துப் போடுவதற்காக எடுத்த பேனா அப்படியே நின்றது.

"என்னங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. வலது பக்கமாகப் போய், தோளைத் தொட்டு, "நான் ஒரு பொண்ணைக் காட்டிக்கொடுத்துட்டேங்க" என்றாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். எல்லாவற்றையும் கேட்டான். பாதிக் காதால்தான் கேட்டான், ஆனால் முழுசாகப் புரிந்துகொண்டான்.

"அது யாருக்குமே கேக்காத சத்தம்னு நீதான சொல்ற?"

"இதுவரைக்கும் கேக்கல. இனிமே ஏழு பாஷையில ஏழு பொம்பளைங்க மைக் முன்னால நின்னு, நல்லா உரக்க, ரெட்டைச்சுழின்னு கூப்பிடப் போறாங்க. கீழே எழுத்துலயும் வரும். அப்படியே வைக்கவும்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன்."

தப்பு எங்கே என்று பாருங்கள். முகத்தை மறைத்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்து வரும் சத்தத்தை மறந்துவிட்டார்கள், குரலை மறைத்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத ஃபேன் இரைச்சல் அந்தப் பெண்ணை மூடி வைத்திருந்தது. அந்த மூடியை எடுத்தவள் இவள் ஒருத்திதான். வேலையை ஒழுங்காகச் செய்ததால் வந்தது என்று சிலர் சொல்லலாம். ஒழுங்காகச் செய்ததாகவே இருக்கட்டும், தப்பு தப்புதான்.

உடனே முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஹெட்போன் பிடிச்சிருக்கா?"

"அதை விடுங்க தம்பி. நாப்பத்தோராம் நிமிஷத்து வரியை எடுக்கணும். ஏழு மொழியிலயும்."

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டார். "கேட்டதை எழுதினீங்க. அதுல என்ன தப்பு? திருப்பி வாங்கணும்னா சிவப்புக்குறி விழும். படத்துல சத்தம் இருக்கும்போது ஸ்கிரிப்ட்ல வரி இல்லேன்னா, அதுக்கு இன்னொரு குறி. அப்புறம் பேரை எடுக்க ஒரே ஒரு குறிதான் பாக்கி."

"சத்தத்தையே படத்துலேருந்து எடுத்துட்டா?"

"அது டைரக்டர் கையில. நாம நேரா கஸ்டமர் கிட்ட போகக் கூடாது, தெரியும்ல? திங்கக்கிழமை பார்ப்போம். அவசரப்படாதீங்க."

வாழ்நாளில் ஒரு நாளாவது அந்த மனிதர் அவசரப்படாதே என்று சொல்லியிருப்பாரா? அன்றைக்குச் சொன்னார்.

திங்கட்கிழமைக்கு அவள் காத்திருக்கவில்லை. படத்தோடு வந்த உறையில் டைரக்டரின் விலாசம் இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. கண்ணால் ஒரு தடவை பார்த்ததுகூட மறக்காது அவளுக்கு. புது ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டாள். "நானும் வரட்டுமா?" என்றான் கணவன். "நீங்க வந்து என்னத்தக் கேக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, சொன்னதற்கு வருந்தி, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

டைரக்டர் ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் எடிட்டிங் அறையில் இருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். காலில் செருப்பில்லை, தலைமுடியைப் பென்சிலால் சுருட்டிக் குத்தியிருந்தாள்.

"நீங்கதானா அந்த ஸ்கிரிப்ட் எழுதினவங்க? உக்காருங்கக்கா. ஏதாவது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போயிருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாள். டைரக்டர் கேட்டாள். "ஃபேன் சத்தம்தான்கா இருக்கு." மறுபடி கேட்டாள். "ஒண்ணும் இல்லையே." பாம்புக்காது தன் புது ஹெட்போனை அவள் தலையில் மாட்டி, குரல் தொடங்குகிற நொடியில் மேஜையில் விரலால் தட்டினாள். ஏழாவது தடவையில் அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடி நின்றது.

"ஐயோ" என்றாள். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அவங்க கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்கா. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு. நூறு தடவை பார்த்திருக்கேன் இந்தப் படத்தை."

"உனக்குக் கேட்டிருந்தா எடுத்திருப்ப. எனக்குக் கேட்டுது, நான் எடுத்து எழுதிட்டேன்."

"எதுக்குக்கா எழுதினீங்க? செல்லப்பெயர்னு விளக்கம் வேற!"

வேலையின் விதி அப்படி என்று சொல்லியிருக்கலாம். பாம்புக்காது அப்படிச் சொல்லவில்லை. "பெருமைக்குத்தாம்மா" என்றாள். "ஒருத்தருக்கும் கேக்காதது எனக்குக் கேட்டுச்சேன்னு."

டைரக்டர் போனை எடுத்தாள். அன்றைக்கே சத்தம் சேர்த்தவரை வரவழைத்து, அந்த நான்கு நொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு இடத்து ஃபேன் இரைச்சலை வைத்து ஒட்டுப்போட்டார்கள். பாம்புக்காது கேட்டாள். ஒன்றும் இல்லை. துணிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி அந்த இடம் அவளுக்குத் தெரிந்தது, ஆனால் ஒட்டுக்கு அடியில் யாரும் இல்லை. புது ஸ்கிரிப்டை அங்கேயே எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமை முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "கஸ்டமர் இடத்துக்கே போயிட்டீங்களா? பதினெட்டு வருஷம் வெள்ளையா இருந்த பேருக்கா!"

"சிவப்பு எனக்கு நல்லாத்தான் இருக்கும். போடச் சொல்லுங்க."

சிவப்புக்குறி விழுந்தது. விழட்டும். ஆறு மொழிக்காரர்கள் பழைய கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டார்கள். ஏழாவது இடத்திலிருந்து வந்த பதிலைத்தான் முதலாளி இரண்டு தடவை படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். டப்பிங் முடிந்துவிட்டது, தொலைக்காட்சிக்கு ஒப்படைத்தாகிவிட்டது, இனி மாற்றுவதற்கில்லை, அடுத்த சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு ஒளிபரப்பு. ஒளிபரப்பு முடிந்ததும் கையிலிருக்கும் பிரதியை மாற்றிக்கொள்கிறோம் என்று ஒரு வரி கடைசியில்.

"ஏழாவதா?" என்றாள் அவள். "சோம்பேறிக் கூடமா?"

"அவங்களேதான்."

"அப்போ தூரத்துக் குரலை விட்டிருப்பாங்களோ?"

முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு வரி விடக்கூடாதுன்னு நீங்கதானக்கா புகார் எழுதி அனுப்பினீங்க."

ஆமாம், அவள்தான். வரிசையாகக் குறித்து, அடிக்கோடு போட்டு அனுப்பியிருந்தாள்.

இன்னொன்றும் டைரக்டர் மூலம் தெரிய வந்தது. தொழிற்சாலை முதலாளியின் மச்சான் அந்த ஏழாவது மொழி பேசுகிற நாட்டில்தான் பேட்டரி விற்கிறார். படம் வருகிறது என்று தெரிந்து, பேசினது யார் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அவர் தரையில் காது வைத்துக் கேட்கிற ஆள்.

"அந்தப் பொண்ணு கிட்ட சொல்லணும்" என்றாள் பாம்புக்காது.

"நான் சொல்லிக்கிறேன்கா. நீங்க வர வேண்டாம்."

"நான் செஞ்சதை நீ போய்ச் சொல்றதா? நல்லா இருக்கே."

வீட்டுக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். அந்தப் பெண் வாரம் ஒரு முறை கைக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வருவாள். அங்கே நோயாளிகள் வரிசையில், நீள பெஞ்சில், டோக்கன் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாம்புக்காது அவளை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். ஒடிசலான பெண். குனிந்தபோது உச்சந்தலையில் இரண்டு சுழி தெரிந்தது.

பாம்புக்காது எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் டோக்கனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது எங்க மாடி வீட்டுக்காரி" என்றாள் கடைசியில். "அவ தொண்டை அப்படி. படம் பிடிச்ச அன்னிக்கு நல்ல காத்து. எங்கப்பா வெச்ச பேரு அது. அவர் போனதுக்கப்புறம் அதைச் சொல்லிக் கூப்பிடறது அவ ஒருத்திதான். ஆனா வேலை செய்யற இடத்துல பாதிப் பேருக்குத் தெரியும், எங்க தெருவுலேருந்து வர்றவங்கதானே எல்லாரும்."

"சனிக்கிழமை வரைக்கும் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிடறீங்களா?" என்றாள் டைரக்டர்.

"லீவு போட்டா நானே என் தலையில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி. போவேன், வழக்கம்போல." பிறகு பாம்புக்காதின் பக்கம் திரும்பினாள். "அவ்வளவு தூரத்துக் குரல் உங்களுக்கு எப்படிக்கா கேட்டுது?"

"பாழாப்போன காதும்மா இது."

"எங்களுக்கு அங்க மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்காது" என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது, "மாடி வீட்டுக்காரி கிட்ட சொல்லிடறேன், இனிமே அந்தப் பேரைச் சொல்லாதேன்னு. அவளுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை வருவதற்குள் பாம்புக்காது பாதியாகிவிட்டாள். சோறு இறங்கவில்லை. வேலைக்கு உட்கார்ந்தால் கால் பெடலில் இருக்கும், கை எழுதாது. தெருவில் யாராவது யாரையாவது கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பினாள். நாத்தனார்கூட அந்த வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு, அந்தத் தொலைக்காட்சியைப் போட்டு வைத்த வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று நாற்காலி. ஏழாவது மொழி அவர்கள் மூன்று பேருக்கும் தெரியாது. சாட்சி சொல்லும் பெண்ணுக்கு ஏதோ ஒரு ஆண் குரல் கொடுத்திருந்தான், தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி. டம்ளரை உள்ளங்கையால் தூக்குகிற இடம் வந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. பாம்புக்காது ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குதிகால் தானாகத் தரையைத் தட்டியது.

நாற்பத்தொன்று. ஃபேன் ஓடியது. இருட்டுத் தலை லேசாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஃபேன் ஓடியது. தலை பழையபடி திரும்பிக்கொண்டது. தூங்குமூஞ்சிக்காரன் பேச ஆரம்பித்துவிட்டான். கீழே எழுத்தும் இல்லை. அடியில் கிடந்த பழைய சத்தத்தையும் சேர்த்து அமுக்கிவிட்டிருந்தார்கள். தூரத்துக் குரலுக்கென்று தனியாக ஒரு பெண்ணைக் கூப்பிட அந்தச் சோம்பேறிகளுக்கு மனசு வரவில்லை. புகாரைத் தூக்கி எங்கே போட்டார்களோ!

பின்னால் போட்டு மறுபடி கேட்டாள். ஒன்பது தடவை கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்ன கேட்டுது?" என்று கணவன் பதறினான்.

"ஒண்ணுமே கேக்கலங்க."

"எனக்கும்தான் ஒண்ணும் கேக்கல" என்றான் அவன். நாத்தனார் சிரித்துவிட்டாள். அவளும் அழுகையோடு சிரித்தாள். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள் போல.

"வரலம்மா. அந்தக் குரலை அவங்க போடவே இல்ல. சுத்தமா இல்ல."

"நிஜமாவாக்கா? உங்களுக்கே கேக்கலியா?"

"எனக்கே கேக்கல."

பிறகு அந்தப் பெண் கேட்டாள். "அப்போ இனிமே மாடி வீட்டுக்காரி என்னைப் பழையபடி கூப்பிடலாமாக்கா?"

பாம்புக்காது வாயைத் திறந்தாள். கூப்பிடட்டும் என்று சொல்ல எவ்வளவு ஆசை! ஆனால் பழைய கட்டு எத்தனை கை மாறிப் போயிற்று, எந்த மேஜையில் யார் பார்வைக்குக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முன்னால் பார்த்துவிட்டுப் போன நூறு இருநூறு பேரில் இன்னொரு காது இல்லை என்றும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியது இல்லை அவள்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றாள்.

"சரிக்கா" என்றாள் அந்தப் பெண்.

அப்போது அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்தில், மேலேயிருந்து, ஈரத்துணி காற்றில் படபடக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் மேலே அதே தொண்டை. பாம்புக்காதுக்கு அது எங்கே இருந்தாலும் தெரியும். "ஏ..." என்று உரக்கத் தொடங்கியது. தொடங்கி, நடுவிலேயே நின்று, எதையோ விழுங்கியது. பிறகு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது போல இல்லாமல் யாரோ வழிப்போக்கரைக் கூப்பிடுவது போல, தணிந்த குரலில் சொன்னது:

"இந்தாம்மா, உன் துணி பறக்குது."